ஆட்டத்தைப் பார்த்து அடித்த ட்ரம்ஸ்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு எடுத்திருக்கும் விஷயம் சிலருக்குச் சங்கோஜமாக இருக்கலாம். அமெரிக்காவின் பழைய பர்லெஸ்க் (நகைச்சுவையும் ஆடையவிழ்க்கும் ஆட்டமும் கலந்த காட்சி) மேடைகளிலும் ஸ்ட்ரிப் கிளப்களிலும் வாசித்த வாத்திய இசை. பாடகர் கிடையாது, பேண்ட் மட்டும்தான். ஆடையவிழ்க்கும் ஆட்டத்துக்கான இசைதானே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

எல்லாருக்கும் பழக்கமான ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்: டேவிட் ரோஸின் 'தி ஸ்ட்ரிப்பர்'. பெயர் தெரியாதவர்கள்கூடக் கேட்டதும் "அட, இதுவா!" என்பீர்கள். அதில் ட்ராம்போனை, அதாவது குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளை வாத்தியத்தைக் கவனியுங்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஜாரு என்றால் உடனே புரியும். 1958இல் பதிவு செய்ததை 1962இல்தான் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டு வெளியிட்டார்கள். முன்பக்கப் பாட்டை விட்டுவிட்டு ஜனங்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஜூலையில் அமெரிக்காவின் பிரபல பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம்! இத்தனைக்கும் ரோஸ், 'ஹாலிடே ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' என்று வயலின்களை வைத்து நாசூக்காக இசையமைத்துப் பேர் வாங்கியவர்.

சரி, இந்த இசையில் அப்படி என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால், ட்ரம்ஸ்காரர்தான். பர்லெஸ்க் அரங்கில் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அவருடைய பார்வை முழுக்க ஆடுகிறவர் மேல்தான் இருக்கும். இடுப்பு ஒரு வெட்டு வெட்டினால், அதே நொடியில் ட்ரம்மின் விளிம்பில் 'டக்' என்று ஒரு அடி. கையுறையை ஒவ்வொரு விரலாக உருவும்போது டாம்டாம் என்ற ட்ரம் மட்டும் மெதுவாக உருண்டுகொண்டிருக்கும். ஆட்டம்தான் தாளத்தை நடத்துகிறது. அதனால்தான் இசைத்தட்டை மட்டும் கேட்டாலும் யாரோ நடந்து வருவதும், நிற்பதும், திரும்பிப் பார்ப்பதும் நமக்குத் தெரிகிறது. கண்ணால் பார்த்து வாசித்த இசை இது. எனக்கு இதில் இருக்கும் மயக்கமே அதுதான்.

ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசை வடிவம் இதற்கு இவ்வளவு பொருந்துவதற்கும் காரணம் உண்டு. பன்னிரண்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) ஒரு சுற்று. ஆடுகிறவர் இன்னும் முடிக்கவில்லையா, இன்னொரு சுற்று வாசித்தால் போச்சு. ஜிம்மி ஃபாரஸ்ட்டின் 'நைட் ட்ரெயின்' அப்படித்தான். 1952இல் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஸ்ட்ரிப் கிளப் பேண்டுகள் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டன. அதில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பின் (சின்ன இசைத்துணுக்கின்) பூர்வீகம் டியூக் எலிங்டனின் 'ஹாப்பி கோ லக்கி லோக்கல்'. ஃபாரஸ்ட் எலிங்டன் பேண்டில் வாசித்தவர். அதாவது, அமெரிக்க ஜாஸின் உச்சத்தில் இருந்தவரிடமிருந்து கிளப் மேடைக்கு நேர் வழி இருந்திருக்கிறது. இதைத் தரக்குறைவான இசை என்பவர்கள் இந்த வழியை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் 1937இலேயே பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்காமல் மூட வைத்துவிட்டார்கள். இசை மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் 'ஹார்லெம் நாக்டர்ன்'. ஏர்ல் ஹேகன் 1939இல் எழுதியது. இதற்குப் பல பதிவுகள் உண்டு. என் ஓட்டு 1959இல் தி வைகவுண்ட்ஸ் வாசித்ததற்கு. கிட்டார் நடுங்கிக்கொண்டே பின்னால் நிற்க, சாக்ஸபோன் மூச்சுக்காற்றோடு உள்ளே வரும். அதில் காமத்தைவிடத் தனிமைதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ரெண்டாவது தடவை சாக்ஸபோன்.