செத்த பிறகும் பேசும் மழைமானி! எப்படி?

(திரையில்: தேயிலை மலை, கொட்டும் மழை, கம்பத்தில் ஒரு மழைமானி)

வணக்கம் மக்களே! இந்த மழைமானி மேல் மரம் விழுந்து நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை நிமிடத்தில் உங்கள் போனுக்குச் செய்தி வருகிறது: "நான் வேலை செய்யவில்லை, வந்து பாருங்கள்." நசுங்கிய கருவி எழுதி வைத்துவிட்டுப் போன செய்தி அது. பேய்க்கதை மாதிரி இருக்கிறதல்லவா? கடைசி வரை பாருங்கள்.

முதலில் அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஒரு கம்பனியின் பல்ப், இன்னொரு கம்பனியின் கேமரா, வேறொன்றின் பிளக். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. இப்படி இணையத்தில் இணையும் கருவிகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் பேசவைப்பதுதான் ஐஓடி (IoT) தளம். ஹோம் அசிஸ்டன்ட் என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினியில் ஓடும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

இப்படிப் பல தளங்களுக்குப் பொதுவான பாஷை எம்கியூடிடி (MQTT). எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் 1999-இல் உருவாக்கியது. அந்த இணைப்பு மெதுவானது, செலவும் அதிகம். அதனால் மகா சிக்கனம்: ஒரு செய்தியின் தலைப்பகுதி வெறும் 2 பைட்டில் தொடங்கும். ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும் நம் மலைக்கென்றே செய்தது போல இருக்கிறது!

(திரையில்: பெரட்டுக்களம்)

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். இன்று எந்த மலையில் கொழுந்து என்று கணக்கப்பிள்ளை லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. களத்தில் நின்று சொல்வார், அவரவர் தங்கள் வேலையைக் கேட்டுக்கொண்டு போவார்கள். எம்கியூடிடியிலும் நடுவில் ஒரு கணக்கப்பிள்ளை உண்டு, புரோக்கர் என்பார்கள். மழைமானிக்குள் இருக்கும் சின்னக் கரண்டி 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் கவிழும். உடனே "மேற்பிரிவு/மழை" என்ற பெயரில் ஒரு செய்தி. அந்தப் பெயரைக் கேட்டு வைத்திருக்கும் சைரன், போன், ஸ்டோரில் இருக்கும் திரை எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேரும். எது எந்தக் கம்பனி என்று எதற்கும் தெரிய வேண்டியதே இல்லை.

இப்போது என்னை அசரவைத்த இடம். கருவி புரோக்கரிடம் வந்து சேரும்போதே ஒரு உயிலை எழுதிக் கொடுத்துவிடலாம். உயில் என்றுதான் அதற்குப் பெயரே! ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போனால் உயில் கிழிக்கப்படும். சொல்லாமல் மௌனமானால் புரோக்கர் அதை எல்லாருக்கும் வாசித்துவிடும். எவ்வளவு நேரம் பொறுக்கும்? "நான் இருக்கிறேன்" என்று கருவி சொல்ல ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு. 60 விநாடி என்றால் 90.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன்? 2014 ஒக்டோபர் 29 காலை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கைக்கு, 24 மணித்தியாலத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரையறை வைத்திருக்கிறது. திரையில் "0" என்று தெரிகிறது. மழை இல்லையா, மானியே இல்லையா? அடைமழை ராத்திரியில் அந்தப் பூச்சியத்தை நம்பி லயத்தில் ஆட்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். உயில் இல்லாத மழைமானியை மலையில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாம் வைக்கும் மானி உதவிக்குத்தான். வெளியேறச் சொல்லி அரச அறிவிப்பு வந்தால் நம் திரையில் என்ன எண் இருந்தாலும் பார்க்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை: உயிலை "ரிட்டெய்ன்" போட்டு வையுங்கள், அதாவது வாசித்த பிறகும் புரோக்கர் அதைக் கையில் வைத்திருக்கும். ராத்திரி போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தாலும், இணைந்த உடனே அது வந்து சேரும்.

உங்கள் தோட்டத்தில் மழை நேரத்திலும் சிக்னல் நிற்கும் இடம் எது? கோயிலடியா, ஸ்டோர் பக்கமா? கமென்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அப்படி ஒரு இடத்தில் மானியைப் பொருத்தியே காட்டுகிறேன்.