கேட்கப்படாத வாக்காளர் எதை மறந்தார்?

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவி அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைதீவுப் பெருமக்களே, வணக்கம்.

இந்த ஊரில் மேடை ஏறுகிறவர்கள் விபுலாநந்த அடிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் தலைப்புக்கு வருவார்கள். எனக்குத் தந்திருப்பதே பன்னிரண்டு நிமிடம். அடிகளை மனத்தில் வணங்கிவிட்டு நேரே வந்துவிடுகிறேன்.

அரசாங்கம் மக்களுக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்குக் காரணம் வாக்காளரின் மறதியா, சட்டவாக்க நடைமுறையின் ஓட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டைதான் என்பது எங்கள் அணியின் வாதம்.

எனக்கு முன்னர் பேசிய எதிரணித் தம்பி நன்றாகக் கைதட்டு வாங்கினார். தேர்தலுக்கு முதல் வாரம் வந்த உலர் உணவுப் பொதி நமக்கு நினைவிருக்கிறதாம். அதற்கு முந்திய ஐந்து வருடம் வராத உறுப்பினர் மறந்துபோகிறாராம். நானும் கைதட்டினேன். சொன்ன விதம் அழகு. ஆனால் தம்பி ஒரு தேர்தல் முடிவையாவது எடுத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

இலங்கைப் பொதுத்தேர்தல்களைப் பாருங்கள். 2015இல் ஐக்கிய தேசியக் கட்சி தலைமையிலான கூட்டணிக்கு 106 ஆசனங்கள். 2020இல் அதே ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுவதிலும் சேர்த்துத் தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. அந்த 2020இல் பொதுஜன பெரமுனவுக்கு 145. நான்கு வருடம் கழித்து, 2024 நவம்பரில், மூன்று. கட்சி உடைந்ததால்தானே அந்தச் சரிவு என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. உடைந்த துண்டுகளில் எதற்கு வாக்கு, எதற்கு இல்லை என்று முடிவு செய்தது யார்? அதே வாக்காளர்தானே! 2024இல் நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது, 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் பக்கத்திலுள்ள மட்டக்களப்பு. அந்தத் தெரிவு சரியா பிழையா என்பது வேறு பட்டிமன்றம். மந்தையாகப் போகிறவர்களும் மறதிக்காரர்களும் அப்படி வாக்களிப்பதில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

வாக்காளருக்கு நினைவு இருக்கிறது, நடுவர் ஐயா. அந்த நினைவைக் காட்டுவதற்கு ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியைப் பிடுங்கிக்கொள்ள முடியுமா? முடியும். சட்டப்படியே முடியும். நமது கிழக்கு மாகாணத்துக்கே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. 37 உறுப்பினர்கள். 2017 செப்டெம்பர் இறுதியில் பதவிக்காலம் முடியவேண்டும். கிழக்கு, சப்பிரகமுவ, வடமத்தி ஆகிய மூன்று சபைகளும் ஒன்றாக முடிகின்றன. மூன்றுக்கும் தேர்தல் வைக்கவேண்டும். அன்றைய அரசாங்கத்துக்கோ அந்தத் தேர்தலைச் சந்திக்க மனமில்லை. எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்ற பெயரில் அரசியலமைப்புக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் முடியவேண்டிய சபைகளின் ஆயுள் நீளும். வேடிக்கை என்னவென்றால், நமது கிழக்கு மாகாண சபையே அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயுள் நீளுமென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மக்களின் வாக்குரிமையில் கைவைப்பதால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு வாசல் அடைபட்டது. இந்த இடம்வரை நடைமுறை சரியாகவே வேலை செய்தது, அதையும் ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறேன்.

அதே வாரத்தில் அடுத்த வாசலைத் திறந்தார்கள். மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தும் சிறியதொரு சட்டமூலம் 2017 ஜூலையிலேயே வர்த்தமானியில் வந்திருந்தது. வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 சதவீத இடம் தருவது அதன் நோக்கம். நல்ல நோக்கம். எதிர்க்க யாருக்கு மனம் வரும்? யாரும் நீதிமன்றம் போகவில்லை. செப்டெம்பர் 20ஆம் திகதி அது விவாதத்துக்கு வந்தது. வாசகம் வாசகமாகத் திருத்தும் குழுநிலையில், நடுவர் ஐயா, அந்தச் சின்னச் சட்டமூலத்துக்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகினார்கள். தேர்தல் முறையே மாறிற்று. விகிதாசார முறை போய், தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. கலப்பு முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயம் முடியும்வரை தேர்தல் இல்லை. அன்றே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் என்று அதற்குப் பெயர். பெண்களின் பெயரைச் சொல்லி உள்ளே வந்த சட்டம், ஆண் பெண் எல்லாருடைய மாகாண வாக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே போனது.

நான் பாடசாலையில் குடியியல் கற்பிக்கிறவன். முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்று பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் குழுநிலையை நாங்கள் ஒரே வரியில் கடந்துவிடுவோம். வேலையெல்லாம் நடப்பது அங்கேதான்.

அது ஏன் ஓட்டை என்று கேளுங்கள். அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரை குடிமகனுக்கு ஓர் உரிமை தருகிறது. 2017இல் இருந்த விதிப்படி, ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்தில் அதை ஆட்சேபிக்கலாம். ஒரு வாரம்தான். அக்கரைப்பற்றில் இருப்பவர் வர்த்தமானியைத் தேடிப் படித்து, சட்டத்தரணியைப் பிடித்து, மட்டக்களப்புக்கு வந்து உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்பில் இறங்கி, நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குப் போய்ச் சேர்வதற்கும் அன்று அந்த ஒரு வாரமே. சரி, போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஆட்சேபிக்க முடிவது அச்சில் வந்த சட்டமூலத்தை. பின்னர் குழுநிலையில் என்ன செருகப்படும் என்பது அவருக்கும் தெரியாது, நீதியரசர்களுக்கும் தெரியாது. நிறைவேறியதும் சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையெழுத்திடுகிறார். அவ்வளவுதான், 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி கதவைப் பூட்டிவிடுகிறது. அதன் பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. பிறக்குமுன் சில நாள் கேள்வி கேட்கலாம், பிறந்தபின் ஒருநாளும் முடியாது. இடையில் பிள்ளை மாறிவிட்டால்? காணி உறுதியில் நாம் கையெழுத்து வைத்த பிறகு நொத்தாரிசு வடக்கெல்லையை மாற்றி எழுதினால் நீதிமன்றம் போகலாம். நாட்டின் சட்டத்தில் அந்த வேலை நடந்தால் போக இடமில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. எல்லை நிர்ணயக் குழு அறிக்கை தந்தது. 2018 ஓகஸ்டில் அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. ஒன்றுகூட இல்லை! சபையில் முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தன் கையால் விதைத்துத் தன் காலால் மிதித்த அமைச்சரை உலகத்தில் வேறெங்கும் கண்டிருக்க மாட்டீர்கள். சட்டப்படி அடுத்ததாகப் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. அதற்கு இரண்டு மாத அவகாசம். அந்தக் குழுவின் அறிக்கை வரவே இல்லை. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். சட்டத்தை மாற்றாமல் பழைய முறையில் தேர்தல் நடத்த முடியாது என்று பதில் வந்தது. பழைய முறைக்குத் திரும்பத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தும் பார்த்தார்கள்; அது சட்டமாகவில்லை. பழைய சட்டம் இறந்துவிட்டது, புதிய சட்டத்துக்கு உயிர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கிழக்கு மாகாணத்தை எட்டு வருடத்துக்கு மேலாக ஆளுநர் நடத்துகிறார். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாணப் பாடசாலையில் ஆசிரியர் இல்லை, மாகாண வீதி குன்றும் குழியும், மாகாண வைத்தியசாலையில் மருந்து இல்லை என்றால் சபையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் கிடையாது. சபையே கிடையாதே!

1995இல் பிறந்த பிள்ளைக்கு 2012 தேர்தலின்போது 17 வயது. வாக்கு இல்லை. இன்று முப்பதைத் தொட்டு, கல்யாணம் முடித்து, தன் பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறார். மாகாண சபைக்கு வாக்களிப்பது எப்படி என்று அவருக்கு இன்னும் தெரியாது. இவரையா எதிரணி மறதிக்காரர் என்கிறது?

சரி, மாகாண சபையை விடுங்கள், வாக்காளர் விழிப்பாக இருந்தால் மற்றத் தேர்தல்களாவது நேரத்துக்கு நடக்குமே என்று எதிரணித் தலைவர் எழுதிவைத்திருப்பார். 2023 மார்ச் 9இல் உள்ளூராட்சித் தேர்தல் என்று தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்தது. வேட்புமனு எடுத்தாயிற்று. திறைசேரி பணம் தரவில்லை, தேர்தல் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஓகஸ்டில். வாக்களித்தது 2025 மே 6இல். இரண்டு வருடத்துக்கு மேல் பிரதேச சபையில் நமக்கு ஆளில்லை. இதற்கு முன்னோடியும் உண்டு. 1982 டிசெம்பரில் ஜே.ஆர். ஜயவர்தன, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக, ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம் என்று ஒரு சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் இருத்தினார். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்திருந்தார். அந்த உறுப்பினர் யாருக்குப் பயந்து கை உயர்த்தியிருப்பார், தொகுதி மக்களுக்கா, தலைவரின் மேசை இலாச்சிக்கா?

இலாச்சி இப்போது சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்சி நீக்கினால் உறுப்பினரின் ஆசனம் போகும். மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர் ஒருவர், கட்சியின் முடிவுக்கு மாறாக வாக்களித்ததால் நீக்கப்பட்டார், அந்த நீக்கம் செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்ல, ஆசனத்தை இழந்தார். தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. கட்சிக்கு மணி அடிக்க ஒரு கயிறு இருக்கிறதே, அவருக்கு விருப்பு வாக்குப் போட்டவருக்கு எந்தக் கயிறு என்றுதான் கேட்கிறேன். முன்னொரு காலத்தில் இடைத்தேர்தல் இருந்தது. நடுவழியில் அரசாங்கத்தின் காதைத் திருகலாம். இப்போது ஆசனம் வெறிதானால் பட்டியலில் அடுத்தவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நமக்கு ஒரு சொல் கேட்பதில்லை.

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன், மணி அடிக்கப் போகிறார்கள். இன்ன இன்ன வாசகங்களைத் திருத்தினால்தான் சாதாரண பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்று உயர் நீதிமன்றம் பட்டியல் கொடுத்திருந்தது. 2024 ஜனவரியில் நிறைவேற்றினார்கள்; பட்டியல் முழுவதும் உள்ளே போகவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. 117க்கு 75 என்று தோற்றது. எது உள்ளே போயிற்று, எது போகவில்லை என்று நீதிமன்றம் திரும்பிப் பார்க்க வழியில்லை. ஆம், பழைய 80ஆம் உறுப்புரைதான். 225 பேர் கொண்ட சபையில் 20 பேர் இருந்தால், சபை நடக்கத் தேவையான கோரம் நிறைந்துவிடும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் சட்டம் இருக்கிறதே, மக்கள் பயன்படுத்துகிறார்களா என்று எதிரணி சகோதரி கேட்டார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சகோதரி எங்கள் அணிக்காகப் பேசியிருக்கிறார், நன்றி. அந்தச் சட்டம் வருமுன் பிரதேச செயலகத்தில் ஒரு கோப்பின் நகலைக் கேட்டால் கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். இன்று எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தரவேண்டும், தராவிட்டால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. 2016க்கும் 2017க்கும் நடுவில் வாக்காளரின் மூளை மாறிவிட்டதா? நடைமுறை மாறியது.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. எனக்குப் பின்னால் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லிவிட்டு அவர் தன் பேச்சைத் தொடங்கட்டும். 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி காலையில் இந்தக் காரைதீவில் ஒரு வாக்காளர் எதை நினைவில் வைத்திருந்தால், அன்று மாலைக்குள் அச்சேறாத அந்தத் திருத்தங்களைத் தடுத்திருக்க முடியும்?