ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துபோன கெடு

அவைத் தலைவர் அவர்களே, தோழிகளே, தோழர்களே, வணக்கம்.

புலம்பெயர்ந்த பெண்களின் பாலியல், இனப்பெருக்க நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமாகச் சட்டத்திலிருந்து தொடங்குவார்கள். நான் நாள்கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். வன்புணர்வுக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. கர்ப்பம் என்றால் முதல் 12 வாரத்துக்குள் பரிசோதனைக்கு வர வேண்டும். பிரசவத்துக்கு முன் 8 முறையாவது பார்க்க வேண்டும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

இனி புலம்பெயர்ந்த ஒரு பெண்ணின் வாரத்தைப் பாருங்கள். வீட்டு வேலைக்குப் போனவர், வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். வெளியே போக ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். திங்கட்கிழமை நடந்ததற்கு ஞாயிறன்று மருந்துக்கடை தேடினால் 6 நாள் ஓடிவிட்டது. யாரும் அவருக்கு மாத்திரையை மறுக்கவில்லை. மறுக்காமலே கிடைக்காமல் போனது.

சரி, எப்படியோ மருத்துவரிடம் வந்து சேர்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாட்டு மொழி தெரியாது. கூட வந்த சூப்பர்வைசர்தான் மொழிபெயர்ப்பாளர். "கடைசி மாதவிடாய் எப்போது?" என்று மருத்துவர் கேட்கிறார். அதை அப்படியே கேட்க சூப்பர்வைசருக்குக் கூச்சம். "வலி எப்போதிலிருந்து?" என்று மாற்றிக் கேட்கிறார். "நேற்றிலிருந்து" என்கிறார் பெண். கடைசி மாதவிடாய் நேற்று என்று சீட்டில் பதிவாகிவிடுகிறது! இரண்டு மாதம் நாள் தள்ளிப்போனதை எழுத அதில் இடமே இல்லை. வலி மாத்திரையோடு திரும்புகிறார்.

கணவர் மொழிபெயர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. சில நேரம் அவருக்குத்தான் அந்த விஷயம் தெரியக்கூடாது. பத்து வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்பதெல்லாம் கொடுமை.

சட்டம் இல்லாமல் இல்லை. புலம்பெயர் தொழிலாளர்களுக்கான 1990ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, ஆவணம் சரியில்லை என்பதற்காக அவசர சிகிச்சையை மறுக்கக்கூடாது என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் 'அவசரம்' என்ற சொல்லில் போய் மாட்டிக்கொள்கிறது. அரைகுறைக் கருக்கலைப்பால் உதிரப்போக்கோடு வந்தால் அவசரம். அந்த நிலைமையே வராமல் தடுத்திருக்கக்கூடிய கருத்தடை ஊசி அவசரம் ஆகாதாம். கட்டாயக் கர்ப்பப் பரிசோதனை, கர்ப்பம் தெரிந்தால் நாடு கடத்தல் ஆகியவற்றை, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2008இலேயே சுட்டிக்காட்டியது. தெரிந்தால் வேலை போகும் என்ற இடத்தில் 12 வாரத்துக்குள் வா என்று எந்த முகத்தோடு அழைப்பது? வயிறு தெரியும்வரை மறைக்கத்தான் செய்வார்.

அதனால் நான் கேட்பதெல்லாம் சின்ன விஷயங்கள். விடுமுறை நாளிலும் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை. தொலைபேசியில் பேசும் பெண் மொழிபெயர்ப்பாளர். கூட வந்தவர் வெளியே உட்காரட்டும். பதிவு மேசையில் விசா கேட்கக்கூடாது. அப்புறம், அடுத்த ஊசிக்கான தேதியை ஒரு சீட்டில் எண்ணில் எழுதி, மருந்தின் பெயரோடு அவர் கையிலேயே கொடுங்கள். வேலை மாறி வேறு நகரத்துக்குப் போனாலும் அங்குள்ள செவிலியர் படித்துக்கொள்வார். சீட்டை ஒளிக்கக்கூட இடமில்லாதவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன செய்வது என்று இந்த அவையில் இருக்கும் செவிலியர்கள் சொல்லுங்கள். என் நேரத்தில் மிச்சம் 10 நிமிடம் உங்களுக்கு.