வண்டு தொடாத விதை

வணக்கம். எனக்கு ஊர் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம். மல்லாட்டைக் கொல்லையில் நடுநடுவே ஒரு சால் மொச்சை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பொங்கல் குழம்புக்குப் போக மீந்த விதையைப் பாட்டி செம்மண் குழைத்துப் பூசிக் காயவைத்து, பானையில் போட்டு மூடுவார். ஒரு வருஷம் வேலை மும்முரத்தில் மண் கட்டவில்லை. சித்திரையில் பானையைத் திறந்தால் விதைக்கு விதை குண்டூசித் தலை அளவு ஓட்டை, அடியில் மாவு. "பருப்பை அது தின்னுட்டு தோலை நமக்கு வெச்சிருக்குது" என்றார் பாட்டி.

வண்டு தேடி வந்த சத்துகளில் புரதமும் ஒன்று. அதே புரதத்தை வைத்து விதையின் பூர்வீகத்தையும் கண்டுபிடிக்கலாம். முளை இல்லாத பக்கமாகக் கொஞ்சம் சுரண்டி எடுத்தால் போதும், மிச்ச விதையை விதைத்துக்கொள்ளலாம். சுரண்டிய மாவைக் கரைத்து, கூழ் போன்ற ஒரு தகட்டில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறிய புரதம் முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். சாயம் ஏற்றினால் நீலக் கோடுகள் தெரியும்.

நேதாஜி மார்க்கெட்டில் நாம் வாங்கும் பீன்ஸ் இருக்கிறதே, அதன் விதைப் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி ஃபேசியோலின் என்ற ஒரு வகைப் புரதம். 1980களில் பால் கெப்ட்ஸ் (Paul Gepts) முதலான ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கோடுகளை ஒப்பிட்டார்கள். மெக்சிகோ பக்கத்துப் பீன்ஸுக்கு ஒரு வரிசை, ஆண்டிஸ் மலைப் பீன்ஸுக்கு வேறு வரிசை. இரண்டு இடத்திலும் மனிதர்கள் தனித்தனியாகப் பயிராக்கியிருக்கிறார்கள். காட்டுச் செடிகளில் வரிசைகள் ஏராளம். பயிரில் சிலதான் மிஞ்சின. பெரிய விதை, வெடிக்காத காய் என்று பொறுக்கியவர்கள் மற்றதைக் காட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

அப்படி விட்டதில் ஒன்று ஆர்சலின். மெக்சிகோவின் காட்டுப் பீன்ஸ் சிலவற்றில் மட்டும் கிடைத்த புரதம். அது உள்ள விதையில் ஒரு வகைப் பயறு வண்டின் புழு வளர முடிவதில்லை. விதையோ நம் ராஜ்மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் பொடிசு, கடையில் யாரும் சீந்தமாட்டார்கள். கொலம்பியாவில் உள்ள சியாட் (CIAT) என்ற வேளாண் ஆராய்ச்சி மையம் அந்தக் காட்டுப் பீன்ஸைச் சாகுபடிப் பீன்ஸோடு இனக்கலப்பு செய்து, வண்டு தாங்கும் வகைகளை உண்டாக்கியது.

சரி, நம் மொச்சைக்கும் அதைச் சேர்த்துவிடலாமே என்றால், முடியாது. மொச்சை வேறு பேரினம், பீன்ஸோடு சேராது. அதன் காட்டு உறவுகள் இருப்பது ஆப்பிரிக்காவில். அதனால் இந்த வருஷமும் நான் மண் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.