ஸ்பேனர் பிடித்த கையை நம்பலாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"கார் பழுதுக்கு மெக்கானிக்கை நம்பலாமா, கூடாதா?" என்பது இன்றைய தலைப்பு. நம்பலாம் என்ற அணியில் நின்று பேசுகிறேன். எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். பிரேக்கை மட்டும் பார்க்கச் சொல்லி விட்ட காரில் நான்கு பாகங்களை மாற்றி பில் நீட்டிய ஒரு பட்டறையின் கதை முதலாவது. எல்லாம் தெரிந்தவன், ஒன்றும் தெரியாதவனிடம் உண்மை பேச மாட்டான் என்ற வாதம் இரண்டாவது. இணையத்தில் வீடியோ கிடைக்கிறது, காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவி மலிந்துவிட்டது, நம் வண்டியை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை மூன்றாவது. மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பேரிங்கைப் பற்றி, அதாவது சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் இரும்பு வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் காரில் ஒரு முனகல் கிளம்பியது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியின் அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று வரும். வேகம் கூடினால் அதுவும் கூடும். அன்றைக்கு நானும் எதிரணியின் கட்சிதான், நடுவர் அவர்களே. பட்டறைக்குப் போனால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று பயந்து, இணையத்தில் தேடினேன். டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்தால் இப்படிச் சத்தம் வரும் என்று போட்டிருந்தது. அதில் தவறில்லை, அப்படியும் வரும். முன் டயர்கள் இரண்டையும் மாற்றினேன். முனகல் போகவில்லை. வீல் அலைன்மென்ட் பார்த்தேன். போகவில்லை. இரண்டு மாதம் அந்தச் சத்தத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கடைசியாக ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில் ஓட்டினார். ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் வளைத்தார். முனகல் உறுமலாக மாறியது. இடப்பக்கம் வளைத்தார். அடங்கியது. "வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். பாரம் இறங்கியதும் கத்துகிறது. வலி அங்கேதான் இருக்கிறது" என்றார்.

பட்டறைக்குத் திரும்பி, காரைத் தூக்கி நிறுத்தினார். இடது முன்சக்கரத்தை ஒரு கையால் சுழற்றினார். மற்றொரு கையின் விரல்கள் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தன. பிறகு என் கையைப் பிடித்து அதே ஸ்பிரிங்கில் வைத்தார். சக்கரம் சுற்றச் சுற்ற, ஈர மணலை அரைப்பதுபோல் ஒரு நறநறப்பு என் விரல் நுனியில் ஏறியது. அதோடு விடவில்லை. வலது சக்கரத்துக்கு அழைத்துப்போய் அந்த ஸ்பிரிங்கையும் தொடச் சொன்னார். அங்கே எந்த அதிர்வும் இல்லை.

"என்னை நம்புங்கள்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையை இரண்டு ஸ்பிரிங்கிலும் வைத்தார், அவ்வளவுதான். நான் பேச வந்த நம்பிக்கை இத்தகையது.

எதிரணியினர் நம்பிக்கை என்ற சொல்லையே தவறாக எடுத்துக்கொண்டார்கள். சாவியை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதற்கு அசட்டை என்று பெயர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன மொழி நம்முடையது. வேலை தொடங்குமுன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். பிரித்த பிறகு வேறு குறை தெரிந்தால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். புதிய பிரேக் பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். பழையதையும் புதியதையும் உங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டால் அவருக்குப் பேசும் வேலையே மிச்சம். எதிரணித் தலைவர் சொன்ன கதையில் நான்கு பாகங்கள் மாற்றப்பட்டன என்கிறார். அந்த நான்கில் ஒன்றையாவது காட்டச் சொல்லி அந்த வாடிக்கையாளர் கேட்டாரா? கதையில் அந்த வரியே இல்லை.

அந்தக் கதையை முடிக்கும்போது, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார். பழமொழி சரியானது, பொருத்திய இடம் சரியில்லை. பானைச் சோறு முழுதும் ஒரே அடுப்பில், ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில் வெந்தது. அதனால் ஒரு பருக்கை மற்றதற்குச் சாட்சி சொல்லலாம். பட்டறைகள் ஒரே பானையில் வேகவில்லையே! ஏமாற்றுகிறவர் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்றினால்தான் அது கதையாகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். "கிளட்ச் இன்னும் ஓடும், இப்போது மாற்ற வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மெக்கானிக்கைப் பற்றி யாராவது மேடையேறிப் பேசியதுண்டா? ஒரு மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் ஒழுங்காகப் பிடித்தது என்பதை யாராவது வீட்டுக்கு வந்து சொல்வார்களா? சரியாகச் செய்த வேலை சத்தம் போடாது. அதற்காக அந்த வேலை நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். இதில் சரக்கு இருக்கிறது. 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதையே ஆராய்ந்தார்கள். சில சேவைகளில், நமக்கு என்ன தேவை என்பதை விற்கிறவரே சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று நம்மால் உறுதி செய்ய முடிவதில்லை. கார் பழுது அப்படிப்பட்டது, மருத்துவமும் அப்படிப்பட்டது. தெரியாமை என்ற பள்ளம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டுதான் மருத்துவரிடம் வயிற்றைக் காட்டுகிறோம். தெரியாமைக்கு மருந்து ஒதுங்கிப்போவது என்றால் ஒருவரும் மருத்துவமனை வாசலை மிதிக்க முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "நன்றாகத்தானே ஓடுகிறது, இதை எதற்கு மாற்றச் சொல்கிறார்?" மெக்கானிக் மேல் சந்தேகம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மிதித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கிறது. எனவே காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று தோன்றும். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தத்துக்கு மசியாது, ஆவி மசியும். பெடலை மிதித்தால் அது காலோடு தரைக்குப் போகும், வண்டி நிற்காது. முதல் நாள் வரை "நன்றாகத்தானே" இருந்த பிரேக்!

இன்ஜினுக்குள் பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். பல சமயம் அறுகிற நொடி வரை ஒரு முனகல்கூட இருக்காது. பல இன்ஜின்களில் அது அறுந்த கணமே பிஸ்டன் மேலேறி வால்வுகளை இடித்து வளைத்துவிடும். ஒரு பெல்ட்டோடு போயிருக்க வேண்டிய செலவு இன்ஜினில் போய் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற பழுதுக்கு நம்பிக்கை எதற்கு? தெரியாத பழுதைச் சொல்கிறவரிடம்தான் அது தேவைப்படுகிறது.

மூன்றாவதாக, ஸ்கேனர். கார் தன் கோளாறைத் தானே கண்டு குறியீடாகச் சொல்லும் ஓபிடி-2 என்ற முறை 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் கட்டாயமானது, பிறகு உலகெங்கும் பரவியது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் குறியீடு வரும். பி0171 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஏன் அப்படி என்று குறியீடு சொல்லாது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சலாம். காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஸ்கேனரை நம்பியவர் ஒரு சென்சாரை வாங்கி மாட்டுவார். விளக்கு மீண்டும் எரியும். இன்னொரு சென்சார் வாங்குவார். மெக்கானிக் என்ன செய்கிறார்? காற்றுக் குழாய்க்குள் புகையைச் செலுத்திவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். கைக்கு எட்டாத ஒரு வளைவிலிருந்து நூல்போலப் புகை கிளம்புகிறது. அங்கே விரிசல்! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறோமே, அந்த விசாரணையைத் தொழிலாகச் செய்கிறவர் அவர்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. அமுக்கி வைத்த சஸ்பென்ஷன் ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும். மின்சார காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. பத்து நிமிட வீடியோவில் பார்த்ததை வைத்து இவற்றில் கைவைக்கச் சொல்லும் யோசனையை எதிரணி நண்பர்கள் திரும்பப் பெற வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஏமாற்று என்றாலே கிரீஸ் படிந்த கை நம் நினைவுக்கு வருகிறது. அது என்னை வருத்துகிறது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் விவகாரம் வெளிவந்தது. சோதனையின்போது மட்டும் புகையின் நச்சைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை, உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். அதைத் திட்டமிட்டவர்கள் எந்தப் பட்டறையிலும் ஸ்பேனர் பிடித்தவர்கள் அல்லர். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. சாவியைப் போட்டுத் திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்ததால், ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் அணைந்தது, மோதலில் ஏர்பேக் விரியவில்லை. 124 பேரின் மரணத்துக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அந்தக் குறை எப்படிப் பிடிபட்டது தெரியுமா? வழக்குக்காக அமர்த்தப்பட்ட ஒரு பொறியாளர், விபத்துக்குள்ளான காரின் சுவிட்ச்சையும் புதிதாக வாங்கிய சுவிட்ச்சையும் பிரித்து அருகருகே வைத்தார். உள்ளே இருந்த சிறு தண்டின் நீளம் வேறுபட்டது. பாக எண் மட்டும் மாறவே இல்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, நடுவர் அவர்களே, பட்டறை அன்றாடம் செய்கிற வேலை.

மக்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கார் நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்குத் தருகிற பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்ற கோரிக்கை, 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் அதைப் பெரும் வித்தியாசத்தில் ஆதரித்தார்கள். தங்கள் மெக்கானிக்கின் கையில் இன்னும் கூடுதலாகத் தகவல் இருக்கட்டும் என்று விரும்பித்தானே வாக்களித்திருப்பார்கள்?

ஓயாத சந்தேகத்துக்கும் ஒரு பில் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பட்டறைக்கு ஓடுகிறவரின் காரை எவருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு எந்தப் பக்கத்து பேடை மாற்றினார்கள், ஆயில் எவ்வளவு குறைகிறது, எந்தச் சத்தம் புதிது, எது பழையது என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு பட்டறையும் முதலிலிருந்து தொடங்கும், அதற்கெல்லாம் அவரே பணம் கொடுப்பார்.

என் காரில் முனகியது இடது முன்சக்கரத்தின் பேரிங்தான். அந்த மெக்கானிக் அதை மாற்றிவிட்டு, பழையதை ஒரு செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். வண்டியை எடுத்து ஓட்டினேன். 60-ஐத் தாண்டினேன், 80-ஐத் தொட்டேன். டயர் சாலையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த பேரிங்கை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். நடுவர் அவர்களே, தயவுசெய்து கையில் வாங்கிக்கொள்ளுங்கள், கனமாக இருக்கும். உள்வளையத்தை விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பாதிச் சுற்றைத் தாண்டியதும் ஓரிடத்தில் நெருடும். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதிரணித் தலைவரிடமும் கொடுங்கள். நன்றி, வணக்கம்.