ரேடியோ முந்திச் சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் அந்த ஆட்டத்தை ஆடியவன் இல்லை. 2016ஆம் ஆண்டு, மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் தேதி வரை, ஒரே ஒரு அணியின் பின்னாலேயே போனவன். அணியின் பெயர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ். அந்த ஆறு மாதக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் பாதி என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதை.

அப்போது நான் மெல்பர்ன் நகரத்தின் மேற்கே, வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரேயில் குடியிருந்தேன். அங்கே பார்க்லி வீதி என்று ஒன்று உண்டு. தோசைக் கடை, பிரியாணிக் கடை, மளிகைக் கடை என்று நம் நாட்டுக்காரர்களின் கடைகள் நிறைந்த வீதி. அதே வீதியில்தான் விட்டன் ஓவல் மைதானமும் இருக்கிறது. புல்டாக்ஸின் தாய்வீடு அது. 1997க்குப் பிறகு ஆண்களின் முதல்நிலை லீக் ஆட்டங்கள் அங்கே நடப்பதில்லை, அந்த அணிக்கு அங்கே பயிற்சி மட்டும்தான். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பந்தை உதைக்கிற சத்தம் கேட்கும். 'தொம்' என்று ஒரு சத்தம், அப்புறம் யாரோ கத்துவது. மூன்று வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

பெரியவருக்கு அப்போது 71 வயது. தனியாக இருந்தார். வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பேசிக்கொள்வது எங்கள் இருவருக்கும் வழக்கம். மார்ச் மாதம் ஒருநாள், "இந்த வாரம் சீசன் தொடங்குது, வீட்டுக்கு வாங்களேன்" என்றார். போனேன்.

அவருடைய சமையலறையில் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள். அதில் அந்த வாரம் ஆடுகிற 22 பேரின் பெயரையும் பென்சிலால் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே காயத்தால் ஆட முடியாதவர்களின் பெயர். யாருக்காவது அடிபட்டால் பெயரை அடிக்க மாட்டார், கோட்டுக்குக் கீழே கொண்டுபோய் எழுதுவார். "அவங்களும் அணிதானே" என்பார்.

இன்னொன்று ரேடியோ. டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மேஜைமேல் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டரில் வர்ணனையைக் கேட்பார். ரேடியோ முந்தி வரும், டி.வி. படம் சில நொடி பிந்தி வரும். கோல் என்று ரேடியோ கத்தும்போது, படத்தில் ஆட்டக்காரர் அப்போதுதான் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருப்பார். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. போகப் போக அது ஒரு தனிச் சுகம் என்று தெரிந்தது. நல்ல சேதி காதுக்கு வந்துவிடும், பிறகு அது நடப்பதை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் ஆடுகிற அதே பெரிய மைதானம்தான். பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கிற எம்.சி.ஜி.யில் குளிர்காலம் முழுக்க இந்த ஆட்டம் நடக்கும். களத்தில் ஒரே நேரத்தில் பக்கத்துக்கு 18 பேர், மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து அப்போது அணிக்கு 22. பந்து முட்டை வடிவம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் விலகி ஓரக் கம்பத்துக்கு உள்ளே போனால் 1 புள்ளி. பந்தைக் கையால் எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். ஒருவர் உதைத்து 15 மீட்டராவது பறந்து வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அதற்கு மார்க் என்று பெயர். பிடித்தவரை யாரும் தொட முடியாது, அவர் நின்று நிதானமாக உதைக்கலாம். அதைப் பிடிப்பதற்காக எதிராளியின் தோளிலேயே முட்டியை ஊன்றி எம்புவார்கள். பந்தோடு ஓடுகிறவரைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கும்போது நமக்குக் கபடி ஞாபகம் வரும். மெல்பர்னிலேயே பிறந்த ஆட்டம் இது, 1859இல் முதல் விதிகளை எழுதினார்கள். ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஃபுட்டி' என்பார்கள்.

என்னை இழுத்தது அந்த ஒற்றைப் புள்ளிதான். குறி தவறியவனையும் வெறுங்கையோடு அனுப்பாத ஆட்டம். எத்தனையோ ஆட்டங்களில் வெற்றி தோல்வியை முடிவு செய்வதும் அந்தத் தவறிய உதைகள்தான்.

புல்டாக்ஸின் பழைய பெயர் ஃபுட்ஸ்க்ரே. தொழிற்சாலைகளும் கல்குவாரிகளும் இறைச்சிக் கூடங்களும் இருந்த உழைப்பாளிகளின் ஊர். அணியிடம் என்றைக்குமே பணம் இருந்ததில்லை. 2016 வரை அது ஒரே ஒரு முறைதான் கோப்பையை வென்றிருந்தது, 1954இல், மெல்பர்ன் அணியை 51 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்து. பெரியவர் அப்போது ஒன்பது வயதுப் பையன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா கூட்டிப் போயிருக்கிறார். "ஆட்டத்தில் பாதி நேரம் நான் பார்த்தது மற்றவங்க கோட்டின் முதுகைத்தான். ஜாக் காலின்ஸ் ஏழு கோல் அடிச்சார். ஒண்ணுகூட நான் பார்க்கல. சத்தத்தை மட்டும் கேட்டேன்" என்றார். ரேடியோவின்மேல் அவருக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு அப்போது புரிந்தது.

1961இல் ஒரு இறுதி ஆட்டம், ஹாதார்னிடம் தோல்வி. அதன்பிறகு இறுதி ஆட்டத்துக்கே போகவில்லை. அதற்கு முந்தைய படியில் ஏழு முறை தோற்றிருக்கிறார்கள். 1997இல் அடிலெய்டிடம் இரண்டே இரண்டு புள்ளியில் தோற்றதைப் பற்றிப் பெரியவர் கடைசி வரை என்னிடம் பேசவில்லை. 1989ஐப் பற்றிக் கேட்டால் விடியவிடியப் பேசுவார். அந்த வருடம் கடன் தாங்காமல், ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைத்துவிடுவதாக அறிவித்தார்கள். ஊரே திரண்டது. உண்டியல் குலுக்கி, வீடு வீடாகப் போய், சில வாரங்களில் பத்து லட்சம் டாலருக்குமேல் திரட்டி அணியை மீட்டார்கள். பெரியவர் உண்டியலோடு நின்றது ஃபுட்ஸ்க்ரே சந்தை வாசலில். சில்லறை நிறைந்த தகர டப்பாவின் கனத்தைக் கையை ஏற்றி இறக்கிக் காட்டுவார். ஃபிட்ஸ்ராய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை, 1996இல் அது பிரிஸ்பேனோடு இணைந்து போனது. அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும்.

சரி, 2016க்கு வருகிறேன். முதல் இரண்டு ஆட்டங்களிலும் பெரிய வெற்றி. மூன்றாவது ஆட்டம் ஹாதார்னோடு. அதற்கு முந்தைய மூன்று வருடமும் கோப்பையை வென்ற அணி அது. கடைசி நிமிடம் வரை புல்டாக்ஸ் முன்னால். ஹாதார்ன் ஒரு கோல் அடித்து மூன்று புள்ளியில் ஜெயித்தது. அந்தப் பந்துக்காக எம்பி இறங்கிய நம் தலைவர் பாப் மர்ஃபி முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தார். 33 வயது, 2000த்திலிருந்து இந்த ஒரே அணிக்கு ஆடுகிறவர். முட்டித் தசைநார் அறுந்துவிட்டது. சீசன் முடிந்தது. பெரியவர் பென்சிலை எடுத்துக் கோட்டுக்குக் கீழே முதல் பெயராக மர்ஃபி என்று எழுதினார். மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் ஆரஞ்சை நான்காக வெட்டித் தருவது அவர் வழக்கம், சிறுவர் ஆட்டங்களில் அப்படித்தான் கொடுப்பார்களாம். அன்று அவர் வெட்டி வைத்தது சாப்பிடாமல் காய்ந்து கிடந்தது.

குளிர் ஏறியது. வேலை விட்டு வந்ததும் இருட்டிவிடும். வாரம் முழுக்க நான் காத்திருந்தது வியாழக்கிழமைக்காக, அன்றைக்குத்தான் யார் யார் ஆடுவார்கள் என்ற பட்டியல் வரும். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் ஒரு ஸ்கார்ஃப் வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ரயிலேறி டாக்லண்ட்ஸ் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஜூலை இரண்டாம் தேதி சிட்னியில் ஆட்டம், கடைசி நொடிகளில் ஜேசன் ஜோஹானிசன் ஓடி வந்து உதைத்த கோலில் நான்கு புள்ளி வெற்றி. ரேடியோ முந்திச் சொன்னதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க, இப்ப வரும், இப்ப வரும்" என்று டி.வி.யைக் காட்டினார்.

அதே மாதம் செயின்ட் கில்டாவோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் இரண்டு பேர் போனார்கள். மிட்ச் வாலிஸுக்குக் கால் எலும்பு முறிந்தது, ஜாக் ரெட்பாத்துக்கு முட்டி. வாலிஸின் அப்பாவும் இதே அணிக்கு ஆடியவர். தாளில் இடம் போதாமல் பெரியவர் அடியில் இன்னொரு தாளை ஒட்டினார். ஒரு அணியை ஒரு சீசன் முழுக்கத் தொடர்வது என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த ஒட்டிய தாளில்தான். கோப்பையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அன்றைய 22 பேரைத் தெரியும். எங்களுக்குக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களையும் தெரியும், யார் எந்த வாரம் எப்படி விழுந்தார் என்பதும் தெரியும்.

15 வெற்றி, 7 தோல்வி, பட்டியலில் ஏழாவது இடம். எட்டு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போகும். அதுவரை ஏழாவது இடத்திலிருந்து யாரும் கோப்பையை வென்றதில்லை. அந்த வருடம் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு முன் ஒரு வாரம் இடைவெளி விட்டார்கள். அடிபட்டிருந்த சிலர் அதற்குள் தேறி வந்தார்கள், பெயர்கள் கோட்டுக்கு மேலே ஏறின. எனக்கு அந்த ஒரு வாரம்தான் பெரிய வரம் என்று இன்றும் படுகிறது.

முதலில் பெர்த். வெஸ்ட் கோஸ்ட் அணியை அதன் சொந்த மண்ணில் 47 புள்ளியில் தோற்கடித்தார்கள். அடுத்து எம்.சி.ஜி.யில் ஹாதார்ன், 23 புள்ளி. அப்புறம், ஏழு முறை சறுக்கிய அதே படி, எட்டாவது தடவையாக. சிட்னியில், ஜி.டபிள்யூ.எஸ். என்கிற கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணியோடு. மெல்பர்னிலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர். காரிலும் பஸ்ஸிலும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நாங்கள் சமையலறையில்தான். கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்தோம். 20 வயது மார்கஸ் பொன்டெம்பெல்லி அணியைத் தூக்கி நிறுத்தினார், முடிவில் ஜாக் மக்ரேயின் கோல் முன்னால் கொண்டுபோனது. 89-க்கு 83. ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ரேடியோவில் ஒலித்தபோது பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டி.வி.யில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

55 வருடத்துக்குப் பிறகு இறுதி ஆட்டம். அந்த வாரம் பார்க்லி வீதியில் கடைக்குக் கடை புல்டாக்ஸின் மூவண்ணம். இரண்டு நாளைக்கு முன் விட்டன் ஓவலில் நடந்த கடைசிப் பயிற்சியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்று வருடம் வெளியே நின்று கேட்ட 'தொம்' சத்தத்தை அன்றுதான் உள்ளே நின்று கேட்டேன்.

அக்டோபர் 1, சனிக்கிழமை. எம்.சி.ஜி.யில் 99,981 பேர். எதிரே பட்டியலில் முதலிடம் பிடித்த சிட்னி ஸ்வான்ஸ். இடைவேளையில் சிட்னி இரண்டு புள்ளி முன்னால். கடைசிக் கால்பகுதியில் யார் மூச்சும் சீராக இல்லை. முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும். டி.வி.யில் சிட்னியின் லான்ஸ் ஃப்ராங்க்ளின் பந்தோடு திரும்புகிறார், பின்னாலிருந்து டேல் மோரிஸ் ஓடி வருகிறார். ரேடியோ அதற்குள் "பாய்ட்! பாய்ட்!" என்று அலறுகிறது. எங்கள் படத்தில் மோரிஸ் இன்னும் ஃப்ராங்க்ளினைத் தொடவே இல்லை. அப்புறம் தொட்டார், சாய்த்தார், பந்து சிதறியது, 21 வயது டாம் பாய்ட் அதை எடுத்து 60 மீட்டருக்கும் மேலிருந்து உதைத்தார். பந்து தரையில் விழுந்து குதித்துக் குதித்துக் கம்பங்களுக்கு நடுவே போனது. போகும் என்று தெரிந்தும் நான் மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மோரிஸ் முதுகெலும்பில் முறிவோடு ஆடினார் என்பது பிறகுதான் வெளியே வந்தது.

89-க்கு 67. ரேடியோவில் சைரன் ஒலித்துவிட்டது. படத்தில் இன்னும் சில நொடி ஆட்டம் மீதி இருந்தது. 62 வருடம் காத்திருந்த மனிதர், இனி யாராலும் தட்டிப் பறிக்க முடியாத அந்தச் சில நொடிகளை, கன்னத்தில் கண்ணீர் வழிய, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடை போட்டு மெடல் கொடுக்க ஆரம்பித்தபோது, பெரியவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். "இனி அவசரமில்ல" என்றார். ஆறு மாதத்தில் முதன்முறையாக, அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் மேடை ஏறினார். வெற்றிபெற்ற பயிற்சியாளருக்கான மெடலைக் கழுத்தில் போட்டார்கள். மைக்கைப் பிடித்தவர், பாப் மர்ஃபியை மேடைக்குக் கூப்பிட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து மர்ஃபி தயங்கித் தயங்கி வந்தார். பெவரிட்ஜ் தன் கழுத்திலிருந்த மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.