ஏற்காடு பஸ்ஸில் உப்பிய சிப்ஸ் பாக்கெட்: ஜம்போ ஜெட் நல்லதா, புது விமானம் நல்லதா?

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்.]

இந்த பாக்கெட்டை ஒரு தட்டு தட்டுகிறேன், கேளுங்கள். உறுமி மேளம் மாதிரி சத்தம் வருகிறது. அடிவாரத்துக் கடையில் வாங்கியபோது பாவம், சாதுவாகத்தான் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வயிறு உப்பிவிட்டது. பழைய ஜம்போ ஜெட் மேல் உயிரையே வைத்திருப்பவர்களிடம் நான் போடும் சண்டைக்கு இந்த பாக்கெட்தான் சாட்சி. எப்படி என்று சொல்கிறேன், நடுவில் ஓடிவிடாதீர்கள்.

வணக்கம் மக்களே. வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஜம்போ ஜெட் என்று நாம் சொல்லும் போயிங் 747 முதலில் பறந்தது 1969 பிப்ரவரி 9. பயணிகளை ஏற்றியது 1970 ஜனவரியில், பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்துக்காக, நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு. ஏர் இந்தியாவுக்கு 'எம்பரர் அசோகா' என்று பெயர் வைத்த முதல் ஜம்போ வந்தது 1971ல். மொத்தம் செய்தது 1,574. கடைசி விமானம் 2023 ஜனவரி 31ல் ஒரு சரக்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. அவ்வளவுதான், நாம் என்ன பரீட்சையா எழுதப் போகிறோம்?

[காட்சி: செவ்வாய்ப்பேட்டை, ஒரு கொலுசுப் பட்டறை.]

இந்த வீடியோவுக்குக் காரணம் என் பெரியப்பா. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். 1990களில் ஒரே ஒரு முறை பம்பாயில் இருந்து லண்டனுக்கு ஜம்போவில் போனார். அந்தக் கதையை அதற்குப் பிறகு முந்நூறு முறையாவது சொல்லியிருப்பார். லண்டனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கதை முழுக்க அந்த மாடிப்படிதான். "பிளேனுக்குள்ள மாடிப்படிடா! ரெண்டு படி ஏறிட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, சார் உங்க சீட் கீழன்னு இறக்கி விட்டுடுச்சு." இன்று வரை அந்த மாடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் ஆசை தீரவில்லை என்பது என் கணிப்பு.

அந்த மாடி எப்படி வந்தது தெரியுமா? பயணிகளுக்காக வரவே இல்லை. அன்று எல்லோரும், இனி ஒலியை மிஞ்சும் வேகத்தில் போகும் விமானங்கள்தான் ஆட்களை ஏற்றும், 747 சீக்கிரமே சரக்கு வண்டி ஆகிவிடும் என்று நினைத்தார்கள். சரக்கை நேராக உள்ளே தள்ள வேண்டுமானால் மூக்கு திறக்க வேண்டும். மூக்கில் விமானி உட்கார்ந்திருந்தால் அது எப்படித் திறக்கும்? தூக்கி மாடியில் வை விமானியை! அப்படி வந்ததுதான் ஜம்போவின் முன்பக்கம் மேலே புடைத்து நிற்கும் அந்தத் திமில். விமானி அறைக்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில் ஆரம்பத்தில் சோபா போட்டு பார் வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை: கீழ்த்தளத்தின் மூக்கு நுனியில் உட்காருகிற பயணி, விமானியை விடவும் முன்னால் இருப்பார். ஓட்டுநருக்கு முன்னால் பயணி உட்காரும் வண்டி வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

2024 ஏப்ரல் 22ல் ஏர் இந்தியாவின் ஜம்போ ஒன்று மும்பையை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது. ஏறியதும் இறக்கையை இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. அந்த வீடியோவைப் பார்த்து பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்நெஞ்சக்காரன் நானும்தான் துடைத்துக்கொண்டேன். ஆனால் கண்ணீர் வேறு, காது மூக்கு வேறு. பாக்கெட்டுக்கு வருவோம்.

[காட்சி: மீண்டும் ஏற்காடு. பின்னால் ஏரி.]

சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர், அதாவது 5,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாக்கெட்டுக்குள் இருப்பது அதை அடைத்த ஊரின் அழுத்தத்தில் இருக்கும் வாயு. வெளியே தாங்கிப் பிடிக்க ஆள் குறைந்ததும் அது நெஞ்சை நிமிர்த்துகிறது. பஸ்ஸில் உங்கள் காது அடைப்பதும் இதே கதைதான்.

விமானம் பறப்பது 35,000 அடியில். அந்தக் காற்றில் நாம் மூச்சு விட முடியாது. அதனால் உள்ளே காற்றை அடைக்கிறார்கள், பஞ்சர் கடையில் டியூபுக்கு அடிப்பது மாதிரி. சரி, அடைப்பதே அடைக்கிறீர்கள், நம் சேலத்துக் காற்று மாதிரியே அடைக்கக் கூடாதா? முடியும், ஆனால் விமானத்தின் உடம்பு அதைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அது பலூன் மாதிரி விம்மும், இறங்கும்போது அடங்கும். ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், என்ன ஆகும்? அலுமினியமும் அப்படித்தான் களைத்துப் போகும். அதனால் ஒரு சமரசம்: உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல இருந்தால் போதும் என்பது விதி.

இப்போது நம் மலைகளை வரிசையாக நிறுத்துவோம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு, கிட்டத்தட்ட 5,000 அடி. இங்கே மேலே இருக்கும் சேர்வராயன் கோயில் 5,300 சொச்சம். குன்னூர் 6,000 சொச்சம். ஊட்டி சுமார் 7,350. தொட்டபெட்டா 8,650. ஆக அந்த 8,000 அடி விதி என்பது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில். அங்கே ஒரு சேர் போட்டு, பத்து மணி நேரம் பெல்ட் கட்டி உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? ஜம்போ எப்போதும் அந்த எல்லையைத் தொட்டது என்று சொல்ல மாட்டேன், பறக்கும் உயரத்தைப் பொறுத்து குறைவாகவும் இருக்கும். ஆனால் 2011ல் சேவைக்கு வந்த போயிங் 787, 2015ல் வந்த ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் 6,000 அடியைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதாவது குன்னூர்! சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு இன்னும் எழுநூறு அடி ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படி.

இது எப்படி முடிந்தது? உடம்பை மாற்றினார்கள். 787ன் எடையில் பாதி கார்பன் இழை கலந்த பொருள். அது அலுமினியம் மாதிரி களைப்பதில்லை, துருவும் பிடிக்காது. அதனால் காற்றில் ஈரத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். பழைய விமானங்களில் ஈரம் சேர்ந்தால் உலோகம் அரிக்கும் என்ற பயம் இருந்தது. "லண்டன்ல இறங்கும்போது உதடு வெடிச்சு ரத்தமே வந்துடுச்சு" என்பார் பெரியப்பா. குளிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது ஜம்போவின் வேலையாகவும் இருக்கலாம், பெரியப்பா.

ஒரு சின்னச் சங்கடம். இதே சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் மால்கோ ஆலைக்குக் கொண்டுபோய் அலுமினியம் எடுத்த ஊர் நம் ஊர். அலுமினியத்தின் தாய்வீட்டில் நின்றுகொண்டு கார்பனுக்கு ஓட்டுக் கேட்கிறேன். மலை மன்னிக்கட்டும்.

[காட்சி: டவுன் பஸ்ஸில் மூவர் சீட்.]

சரி, புதுசு எல்லாம் தங்கமா? இல்லவே இல்லை. ஜம்போவின் உள் அகலம் 6.1 மீட்டர், வரிசைக்குப் பத்துப் பேர். போயிங் 777ன் உள் அகலம் 5.87 மீட்டர்தான். ஆரம்பத்தில் பல நிறுவனங்கள் ஒன்பது பேரை உட்கார வைத்தன, இப்போது பலர் அதிலும் பத்து! 787ஐ எட்டுப் பேருக்கு வசதியாக யோசித்தார்கள், நிறுவனங்கள் ஒன்பதாக நெருக்கிவிட்டன. குன்னூர் காற்றுதான், ஆனால் பக்கத்து ஆளின் முழங்கை நம் விலாவில். அப்புறம் அந்த ஜன்னல். பெரிய ஜன்னல், மறுப்பதற்கில்லை. ஆனால் இழுத்து மூடும் மறைப்பு கிடையாது, பட்டனை அழுத்தினால் கண்ணாடி நீலமாக இருண்டு போகும். பணிப்பெண் நினைத்தால் எல்லா ஜன்னலையும் ஒரே இடத்தில் இருந்து இருட்டாக்கலாம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாம், இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

நிறுவனங்கள் ஜம்போவைக் கைவிட்டதற்குக் காரணம் ஒரு வரி: நான்கு எஞ்சின் குடிக்கும், இரண்டு எஞ்சின் சிக்கனம்.

இதற்குள் யாராவது 'முழு நீளத்துக்கும் இரண்டு மாடி வைத்த ஏர்பஸ் ஏ380 எங்கே' என்று கமெண்ட் போட்டிருப்பீர்கள். நம் ஊர் கணக்கில் சொன்னால் ஏ380 முழு தட்டு வடை செட், மேலே ஒரு தட்டை, கீழே ஒரு தட்டை. 747 மேல் தட்டை பாதி உடைந்த செட். ஏ380ல் சத்தமும் குறைவு, இடமும் தாராளம், ஆனால் செய்வதை 2021ல் நிறுத்திவிட்டார்கள். எமிரேட்ஸ் 2022 அக்டோபரில் அதை பெங்களூருக்குக் கொண்டு வந்தது. நம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வராதா என்று கேட்காதீர்கள். அங்கே ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், வந்து போவது ஏடிஆர் என்ற சின்ன விமானம். 747ன் ஒரு இறக்கை நுனியில் இருந்து மறு நுனி வரை 64 மீட்டர். ஏடிஆர் இரண்டை இறக்கை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் பத்து மீட்டர் மிச்சம்!

என் ஓட்டு ஏ350க்கு, அதுவும் வரிசைக்கு ஒன்பது பேர் என்றால் மட்டும். பார்ப்பதற்கு ஜம்போ, உட்காருவதற்கு அது. உங்கள் ஓட்டு எதற்கு? கீழே எழுதுங்கள். ஜம்போ மாடியில் உட்கார்ந்தவர் யாராவது இருந்தால், அங்கே என்ன இருந்தது என்று தயவுசெய்து விவரமாக எழுதுங்கள், ஒருவர் முப்பது வருடமாகக் காத்திருக்கிறார்.

[காட்சி: பெரியப்பா வீட்டுத் திண்ணை.]

இந்த மலைக் கணக்கு முழுவதையும் அவரிடம் போட்டுக் காட்டினேன். பாக்கெட்டைப் பிரித்துச் சிப்ஸைத் தின்றுகொண்டே கேட்டார். முடித்ததும் ஒரே கேள்வி.

"எல்லாம் சரிடா. அந்தப் புது பிளேன்ல படி இருக்கா?"